விளக்குக்குத் தடை உண்டு. தடைக்குச் சட்டம் உண்டா? விழிஞ்ஞம் கடலிலிருந்து ஒரு கேள்வி

விழிஞ்ஞம் (திருவனந்தபுரம்): மீன்பிடிப் படகில் தொங்கும் எல்.இ.டி. விளக்கு எந்தச் சட்டத்தின்படி குற்றப்பொருள் ஆகிறது என்பது, அந்தப் படகு கரையிலிருந்து எத்தனை கடல் மைல் தொலைவில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 12 கடல் மைலுக்குள் நின்றால் கேரள அரசின் சட்டம் பொருந்தும். அந்த எல்லையைத் தாண்டினால் மத்திய அரசின் ஆணையும், 2025 நவம்பரில் வெளியான புதிய விதிகளும் பொருந்தும். விளக்கு கூடாது என்றே எல்லாம் சொல்கின்றன. ஆனால் அவை நீதிமன்றத்தில் ஒரே அளவு உறுதியுடன் நிற்கக்கூடியவை அல்ல.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அமைந்துள்ள விழிஞ்ஞம், 2025 மே 2ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சர்வதேச சரக்குப் பெட்டகத் துறைமுகத்தால் இன்று உலக வரைபடத்தில் இடம்பெற்றுள்ளது. அதற்கு மிக முன்பிருந்தே அது ஒரு மீன்பிடி ஊர். இயற்கையாக அமைந்த ஒதுங்கிய குடா என்பதால், பருவமழைக் காலத்தில் மற்ற கரைகளில் படகு இறக்க முடியாத மீனவர்களும் இங்கு வந்து தொழில் செய்வது வழக்கம். வெளிப்பொருத்து எஞ்சின் பூட்டிய வள்ளங்களும் தூண்டில் தொழிலுமே இந்தக் கரையின் அடையாளம். கணவாய், சூரை, அயிலை, நெத்தோலி ஆகியவற்றை நம்பி இங்கு குடும்பங்கள் வாழ்கின்றன. இங்கிருந்து சில மணி நேரக் கடல் பயணத்தில் தமிழகத்தின் நீரோடி, தூத்தூர், குளச்சல் கரைகள் வந்துவிடுகின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளப் பகுதிக்கு இரு மாநில மீனவர்களும் செல்கின்றனர்.

வெளிச்சத்துக்கு மீன் வரும் என்பது மீனவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பெட்ரோமாக்ஸ் விளக்கைக் காட்டிக் கணவாய் பிடித்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஆயினும் அந்த விளக்குக்கும் இன்றைய விளக்குக்கும் பெரும் வேறுபாடு உண்டு. பெரிய விசைப்படகில் ஜெனரேட்டரை இயக்கி, சக்தி வாய்ந்த எல்.இ.டி. விளக்குகளை மேலேயும் தண்ணீருக்குள்ளேயும் எரிக்கும்போது நுண்ணுயிர்களும் சிறு மீன்களும் முதலில் திரளுகின்றன. அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் பின்தொடர்கின்றன. திரண்ட கூட்டத்தைச் சுற்றிச் சுருக்குமடி வலையை இழுத்தால் குஞ்சு, சினை மீன் என்ற பாகுபாடின்றி அனைத்தும் ஒரே வீச்சில் சிக்குகின்றன. தன் வள்ளத்தில் தூண்டிலுடன் காத்திருக்கும் மீனவருக்கு அன்றிரவு மீன் வராது. மீன் குறைந்துவிட்டதா, அல்லது வெளிச்சத்துக்குப் போய்விட்டதா என்று அவரால் பிரித்தறியவும் முடியாது.

இந்த முறைக்கு எதிரான புகார்கள் கேரளத்திலும் தமிழகத்திலும் நீண்ட காலமாக எழுந்து வருகின்றன. அதன் விளைவாக, மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் அப்போது இயங்கிய மீன்வளத் துறை 2017 நவம்பர் 10ஆம் தேதி ஓர் ஆணை பிறப்பித்தது. மாநிலக் கடல் எல்லைக்கு வெளியே, இந்தியப் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் முழுவதிலும் எல்.இ.டி. உள்ளிட்ட செயற்கை விளக்குகளைக் கொண்டு மீன் பிடிப்பதையும், இரு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி முறையையும் அது தடை செய்தது. சிறு மீனவர்கள் வரவேற்ற ஆணை அது.

சிக்கல் அதன் நோக்கத்தில் இல்லை. அது எந்தச் சட்டத்தின் மீது நிற்கிறது என்பதில்தான் சிக்கல்.

இரு எல்லைகள், ஒரு வெற்றிடம்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை மீன்வளத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மாநிலப் பட்டியலின் 21ஆவது இனம் மீன்வளத்தை மாநிலங்களிடம் ஒப்படைக்கிறது. ஒன்றியப் பட்டியலின் 57ஆவது இனம், ஆட்சிக்கடலுக்கு அப்பால் நடைபெறும் மீன்பிடிப்பை நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை ஆட்சிக்கடல். அங்கிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம்.

முதல் பகுதிக்குக் கேரளம் 1980ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தையும், தமிழகம் 1983ஆம் ஆண்டின் சட்டத்தையும் இயற்றியுள்ளன. இரண்டாவது பகுதிக்கு நாடாளுமன்றம் 1981இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அது வெளிநாட்டுக் கப்பல்களின் மீன்பிடிப்பை மட்டுமே ஒழுங்குபடுத்துகிறது. அந்தப் பரப்பில் மீன்பிடிக்கும் இந்தியப் படகுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்பரப்பில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கும் வெற்றிடம் இது.

2017ஆம் ஆண்டின் ஆணை இந்த வெற்றிடத்தில் பிறந்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடிய பொருள்களில் நிர்வாக ஆணை பிறப்பிக்க அரசமைப்பின் 73ஆவது பிரிவு மத்திய அரசுக்கு இடமளிக்கிறது. ஆனால் ஒரு குடிமகனின் தொழில் உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் 19(6) பிரிவு நிர்வாகத்தின் விருப்பத்தை ஏற்பதில்லை. 'சட்டம்' வேண்டும் என்கிறது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக நிலைநாட்டிய வழக்கு, தற்செயலாக, கேரளத்திலிருந்தே சென்றது. தேசிய கீதம் பாடாமல் எழுந்து மட்டும் நின்ற மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பிஜோ இம்மானுவேல் வழக்கில், சட்ட வலுவற்ற துறைசார் அறிவுறுத்தல்களைக் கொண்டு அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் பொருள் பேச்சுரிமை. மீன் விளக்கு அல்ல. எனினும் தர்க்கம் மாறவில்லை. விளக்கு தீயது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதைத் தடுக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டம் வழங்கியது என்பதையும் அரசு காட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு ஆண்டும் மத்திய அரசு அறிவிக்கும் ஒரே சீரான மீன்பிடித் தடைக்காலமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். மேற்குக் கரையில் மத்திய அரசின் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள். கேரளம் தன் கடற்பரப்பில் விதிக்கும் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாள்கள். ஆகவே ஜூன் மாதத்தின் முதல் சில நாள்களில், 12 கடல் மைலுக்கு உள்ளே வலை இழுக்கலாம், வெளியே இழுக்கக் கூடாது என்ற விந்தையான நிலை நிலவுகிறது. கடலில் கோடு போட்டுப் பார்க்க முடியாது என்பதால் இதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கித் துணைக்கருவி

ஒரு கருவியின் துணைக்கருவியை நிர்வாக ஆணையால் தடை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே பொருள் விளக்கு அல்ல, துப்பாக்கியில் பொருத்தும் உதிரிப்பாகம். பொருள் வேறானாலும் கேள்வி ஒன்றே என்பதால் அந்த வழக்குகள் விழிஞ்ஞத்துக்கும் பயன்படும்.

2017 அக்டோபர் 1ஆம் தேதி லாஸ் வேகாஸ் நகரில் இசை நிகழ்ச்சிக்குத் திரண்டிருந்த மக்கள் மீது ஒருவர் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 60 பேர் உயிரிழந்தனர். அவர் பயன்படுத்திய துப்பாக்கிகளில் 'பம்ப் ஸ்டாக்' என்ற துணைக்கருவி பொருத்தப்பட்டிருந்தது. பின்னுதைப்பைப் பயன்படுத்தித் துப்பாக்கியை முன்னும் பின்னும் அசையச் செய்து, விரலில் விசை மீண்டும் மீண்டும் மோதும்படி செய்வது அதன் வேலை. அந்த வேகம் இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தை நெருங்கும். இயந்திரத் துப்பாக்கிக்கு 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் ஏற்கெனவே கடும் கட்டுப்பாடு உண்டு. அதற்கு முன் பல ஆண்டுகள் 'பம்ப் ஸ்டாக் இயந்திரத் துப்பாக்கி ஆகாது' என்று கூறிவந்த கூட்டாட்சி முகமை, டிரம்ப்பின் முதல் ஆட்சியில், 2018 டிசம்பரில் ஒரு விதி வெளியிட்டு, 'ஆகும்' என்று நிலைப்பாட்டை மாற்றியது. வைத்திருப்போர் அழிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும்.

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் துப்பாக்கிக் கடை நடத்திய மைக்கேல் கார்கில் தம்மிடமிருந்த கருவிகளை ஒப்படைத்துவிட்டு வழக்குத் தொடுத்தார். 2024 ஜூன் 14ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் விதியை ரத்து செய்தது. விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடுவதே இயந்திரத் துப்பாக்கி என்பது சட்டத்தின் வரையறை. பம்ப் ஸ்டாக் பொருத்தினாலும் ஒவ்வொரு குண்டுக்கும் விசை ஒருமுறை இயங்கவே செய்கிறது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. கருவி ஆபத்தற்றது என்று நீதிமன்றம் கூறவில்லை. தடை செய்ய விரும்பினால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்று உடன்பட்ட நீதிபதி ஒருவர் தனியே எழுதினார். சட்டத்தின் வாசகம் எட்டாத இடத்துக்கு முகமையின் விதி எட்ட முடியாது என்பதே சாரம்.

மற்றொரு துணைக்கருவியின் கதை இன்னும் சுவையானது. கைத்துப்பாக்கியை முன்கையோடு பட்டியால் இறுக்கிக்கொள்ள உதவும் 'பிஸ்டல் பிரேஸ்' முதலில் மாற்றுத்திறனாளியான முன்னாள் படைவீரருக்காக வடிவமைக்கப்பட்டது. பின்னர் அதைத் தோளில் ஊன்றிச் சுடும் பழக்கம் பரவியது. அப்படிப் பயன்படக்கூடிய துப்பாக்கிகளைக் குட்டைக் குழல் ரைஃபிளாகக் கருதிப் பதிவு செய்ய வேண்டும் என்று பைடன் அரசின் கீழ் 2023 ஜனவரியில் விதி வந்தது. எதிர்ப்பு இரு பாதைகளில் சென்றது. சட்டமன்றப் பாதையில், விதியை ரத்து செய்யும் தீர்மானம் 2023 ஜூன் 13ஆம் தேதி பிரதிநிதிகள் அவையில் 219-க்கு 210 என நிறைவேறியது. ஜூன் 22ஆம் தேதி செனட்டில் 49-க்கு 50 என ஒரே வாக்கில் தோற்றது. நீதிமன்றப் பாதையில், முன்மொழியப்பட்ட வரைவுக்கும் இறுதி விதிக்கும் பொருத்தமில்லை, பொதுமக்கள் கருத்துச் சொல்ல உரிய வாய்ப்புத் தரப்படவில்லை என்ற வாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபட்டது. செனட்டில் ஒரு வாக்கால் பிழைத்த விதியை, அவை வாக்களித்த அதே ஜூன் 13இல், சரியாக ஓராண்டு கழித்து டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது.

ஒரு கருவி சட்டத்தின் வாசகத்தால் தப்பியது. மற்றொன்று நடைமுறைப் பிழையால் தப்பியது. இந்தியாவில் துப்பாக்கித் துணைக்கருவிக்கு இத்தகைய குழப்பம் எழ வாய்ப்புக் குறைவு. சுடும் ஓசையையும் ஒளியையும் குறைக்கும் துணைக்கருவிகளை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே 'துப்பாக்கி' என்ற சொல்லின் வரையறைக்குள் சேர்த்துவிட்டது. நாடாளுமன்றமே சொல்லிவிட்டதால் அதிகாரிகள் விளக்கம் தேட வேண்டியதில்லை. மீன்பிடிப் படகின் துணைக்கருவிக்கு அப்படியொரு வரையறை எழுதப்படவில்லை.

1993இல் கேரளம் வென்றது எப்படி?

வலைக்கும் கருவிக்கும் விதிக்கப்படும் தடை இந்திய நீதிமன்றங்களில் நிற்காது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1984 நவம்பரில் கேரள அரசு தன் ஆட்சிக்கடலில் பர்ஸ் சீன் எனும் சுருக்குமடி, ரிங் சீன், நடுநீர் இழுவலை உள்ளிட்டவற்றைத் தடை செய்து அறிவிக்கை வெளியிட்டது. படகு உரிமையாளர்கள் எதிர்த்தனர். கேரள அரசுக்கும் ஜோசப் ஆன்டனிக்கும் இடையிலான அந்த வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. நலிந்த பிரிவினரின் நலனைப் பாதுகாக்கும் அரசின் கடமையை அது சுட்டிக்காட்டியது. பாரம்பரிய மீனவர்களின் வாழ்வாதாரத்துக்காகத் தொழில் உரிமையில் விதிக்கப்படும் கட்டுப்பாடு நியாயமானதே என்றது.

அந்த வெற்றிக்கு இரக்கம் மட்டும் காரணம் அல்ல. எந்தப் பகுதியில் எந்த வலையைப் பயன்படுத்தலாம், கூடாது என்று ஆணையிடும் அதிகாரத்தை 1980ஆம் ஆண்டின் சட்டம் தன் 4ஆவது பிரிவில் அரசுக்கு வெளிப்படையாக வழங்கியிருந்தது. அறிவிக்கைக்கு அடியில் சட்டமன்றம் இட்ட அடித்தளம் இருந்தது. (அன்று தடைப்பட்டியலில் இருந்த ரிங் சீன் வலையைக் கேரளத்தின் பாரம்பரிய மீனவர்களே பிற்காலத்தில் பரவலாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. 'பாரம்பரியம்' என்ற சொல் கடலில் நிலையாக நிற்பதில்லை.)

அதே வலையைப் பற்றித் தமிழகத்தில் எழுந்த வழக்கு, எல்லைக்கோட்டின் முக்கியத்துவத்தை மறுபக்கத்திலிருந்து காட்டியது. தமிழக அரசு 2000ஆம் ஆண்டு முதல் சுருக்குமடி வலைக்குத் தடை விதித்து, 2022 பிப்ரவரியில் அதை அரசாணை மூலம் மீண்டும் உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, 12 கடல் மைலுக்கு அப்பால் நிபந்தனைகளுடன் அந்த வலையை அனுமதிக்கலாம் என்று தான் அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்திருப்பதை மத்திய அரசு தெரிவித்தது. 2023 ஜனவரி 24ஆம் தேதி நீதிபதிகள் ஏ.எஸ்.போபண்ணா, எம்.எம்.சுந்தரேஷ் அமர்வு இடைக்கால அனுமதி வழங்கியது. ஆட்சிக்கடலுக்கு வெளியே மட்டும், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில், காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும். படகில் கண்காணிப்புக் கருவி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பன நிபந்தனைகளில் சில. மாநிலம் தடை செய்த வலை, மாநிலத்தின் எல்லை முடியும் இடத்தில் செல்லுபடியாகிறது. அந்த வலையைத் தாங்கிய படகு இரு முறையும் கடக்க வேண்டியது மாநிலத்தின் கடலைத்தான்.

பகல் நேர நிபந்தனையால் விளக்கு வைத்துச் சுருக்குமடி இழுப்பதற்கு அந்த உத்தரவு இடம் தரவில்லை என்பதைச் சிறு மீனவர்களுக்கான ஒரே ஆறுதலாகக் குறிப்பிடலாம்.

தேவையான சட்டமும், எதிர்க்கப்பட்ட மசோதாவும்

வெற்றிடத்தை நிரப்ப நாடாளுமன்றம் முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 2009 முதல் பல வரைவுகள் வந்தன. 2021ஆம் ஆண்டு இந்தியக் கடல் மீன்வள மசோதா மழைக்காலக் கூட்டத்தொடரின் பட்டியலில் இடம்பெற்றது. உரிமம் கட்டாயம், அபராதம், மாநிலங்களின் அதிகாரத்தில் ஊடுருவல் என்ற அச்சங்களால் கடலோர மாநிலங்களில் எதிர்ப்பு எழுந்தது. அதை முன்னெடுக்க வேண்டாம் என்று தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 ஜூலையில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கேரளத்திலும் எதிர்ப்பு வலுத்தது. மசோதா அவையில் அறிமுகமாகவில்லை.

எதிர்த்தவர்களின் அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஆனால் அந்த எதிர்ப்பின் விளைவாக, எல்.இ.டி. விளக்குக்கு எதிரான தடை சட்டத்தின் துணையின்றி வெறும் ஆணையாகவே தொடர்ந்தது. தடையை வேண்டியவர்களும் மசோதாவை எதிர்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே கரையைச் சேர்ந்தவர்கள்.

மசோதாவின் வழி அடைபட்டபோது மத்திய அரசு வேறு வழியைத் தேர்ந்தது. பிரத்யேகப் பொருளாதார மண்டலத்திலும் ஆழ்கடலிலும் மீன்வளத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டமைப்பு உருவாக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதைத் தொடர்ந்து, 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலங்கள் சட்டத்தின் கீழ் 2025 நவம்பர் 4ஆம் தேதி புதிய விதிகள் அரசிதழில் வெளியாயின. விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இணையதளம் வழியாக 'ஆக்சஸ் பாஸ்' எனப்படும் அனுமதிச் சீட்டைக் கட்டணமின்றிப் பெற வேண்டும். பாரம்பரிய, சிறு மீனவர்களுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இடமில்லை. எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பும் இரட்டைமடியும் தடை செய்யப்படுகின்றன. 2017இல் ஆணையாக இருந்தது, இப்போது விதியாக உயர்ந்துள்ளது.

விழிஞ்ஞத்தின் வள்ளக்காரருக்கு இது வெற்றி போலத் தோன்றும். அவர் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அவர் எதிர்த்த விளக்குக்கோ தடை. ஆனால் பெரிய கப்பல்களுக்கும் அவற்றிடமிருந்து நடுக்கடலில் மீனைப் பெறும் தாய்க் கப்பல்களுக்கும் இந்த விதிகள் கதவைத் திறந்துவிடும் என்ற ஐயம் மீனவர் அமைப்புகளிடம் உள்ளது. கூட்டுறவுச் சங்கங்களுக்கே முன்னுரிமை என்ற அரசின் விளக்கம் அந்த ஐயத்தை முழுமையாகத் தீர்க்கவில்லை.

ஒரு வரி விலக்கு

புதிய விதிகளின் சட்ட வலுவைச் சோதிக்கும் வாசகம் 1976ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருக்கிறது. பொருளாதார மண்டலத்தின் வளங்களை மத்திய அரசின் உரிமமோ ஒப்பந்தமோ இன்றி எவரும் பயன்படுத்தக் கூடாது என்கிறது 7ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு. அதன் இறுதியில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டுள்ளது: இந்தியக் குடிமகனின் மீன்பிடிப்புக்கு அந்த உட்பிரிவு பொருந்தாது. அந்நிய முதலீட்டையும் அந்நியக் கப்பலையும் கட்டுப்படுத்த முனைந்த 1976ஆம் ஆண்டின் நாடாளுமன்றம், தன் நாட்டு மீனவனிடம் உரிமம் கேட்கக் கூடாது என்று எண்ணியே அந்த வரியைச் சேர்த்தது என்று வாதிடலாம். அப்படியானால், தாய்ச் சட்டம் வேண்டாம் என்ற உரிமத்தை, அதன் கீழ்வரும் விதி 'சீட்டு' என்ற பெயரில் கேட்க முடியுமா? கார்கில் வழக்கில் எழுந்த கேள்வியின் இந்திய வடிவம் இது.

அரசிடமும் பதில் இருக்கிறது. அந்த விலக்கு 5ஆவது உட்பிரிவுக்கு மட்டுமே உரியது. பொருளாதார மண்டலத்தின் வளங்களைப் பயன்படுத்துதல், பாதுகாத்தல், மேலாண்மை செய்தல் ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை 15ஆவது பிரிவு தனியே வழங்குகிறது. விதிமீறலுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது. உரிமம் வேறு, பாதுகாப்பு வேறு என்பது அரசின் வலுவான வாதமாக அமையும்.

விளக்குத் தடையின் தலைவிதி இங்கேதான் அனுமதிச் சீட்டின் தலைவிதியிலிருந்து பிரிகிறது. விளக்கைத் தடுப்பது வளத்தைப் பாதுகாக்கும் நடவடிக்கை. அதை 15ஆவது பிரிவோடு நேரடியாக இணைக்கலாம். சீட்டு அப்படியல்ல, அது உரிமத்தின் சாயலைக் கொண்டது. ஒரு விதித்தொகுப்பின் ஒரு பகுதி செல்லாது என்றாலும், பிரித்தெடுக்கக்கூடிய மற்ற பகுதிகளை நீதிமன்றம் நிலைக்க விடலாம் என்பது இந்தியச் சட்டத்தில் வேரூன்றிய கொள்கை. ஆனால் அது தானாக நிகழ்வதில்லை. முழுத் தொகுப்பையும் எதிர்த்து வழக்குத் தொடுத்து, முழுவதற்கும் இடைக்காலத் தடை பெற்றால், விளக்குக்கு எதிரான விதியும் அதனுடன் உறங்கிவிடும். மிஞ்சுவது 2017ஆம் ஆண்டின் ஆணை; அதன் அடித்தளமோ மேலே சொன்னது.

சட்டமன்றப் பாதையைப் பொறுத்தவரை கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் கைவசம் இருப்பது குறைவு. ஒன்றியப் பட்டியலின் 57ஆவது இனத்தில் மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்ற முடியாது. கொல்லம் உள்ளிட்ட கடற்பகுதியில் மணல் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு எதிராகக் கேரளச் சட்டமன்றம் 2025 மார்ச்சில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு அரசியல் எடை உண்டு, சட்ட வலு இல்லை. நாடாளுமன்றத்தில் வேறொரு வாய்ப்பு இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகள் இரு அவைகளின் முன்பும் வைக்கப்பட வேண்டும். இரு அவைகளும் உடன்பட்டால் விதியைத் திருத்தலாம் அல்லது ரத்து செய்யலாம். பெரும்பான்மையுள்ள அரசின் விதி இவ்வழியில் வீழ்வது அரிது. ஆயினும் திருத்தம் கோரும் தீர்மானம் ஒன்று, சீட்டையும் விளக்கையும் தனித்தனியே விவாதிக்க வைக்கும். நீதிமன்ற மனுவால் அவ்வளவு எளிதில் அது இயலாது.

இவற்றுக்கிடையே இரவு நேரக் கடலில் நிலைமை எளிமையானது. மாநிலத்தின் கடல்சார் அமலாக்கப் பிரிவு தன் படகில் சென்று, விளக்கு எரித்த விசைப்படகைப் பிடித்தாலும், அது 12 கடல் மைலுக்குள் நின்றது என்பதை நிறுவினால்தான் மாநிலச் சட்டத்தின் அபராதம் செல்லும். அந்த எல்லைக்கு வெளியே கடலோரக் காவல் படை இருக்கிறது. அதன் கையில் 2017ஆம் ஆண்டின் ஆணையும் 2025ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. படகின் கண்காணிப்புக் கருவி காட்டும் இடமே வழக்கின் உயிர் என்பதால், விளக்கை ஏற்றும் முன் அந்தக் கருவியை அணைத்துவிடும் ஆசை எவருக்கும் எழலாம்.

புதிய விதிகளை எதிர்க்க எண்ணும் மீனவர் அமைப்புகளின் வழக்கறிஞர்கள் முதலில் தீர்க்க வேண்டியது, மனுவின் கடைசிப் பக்கத்தில் உள்ள வேண்டுதல் பகுதியை எப்படி எழுதுவது என்பதைத்தான். விதிகள் முழுவதையும் ரத்து செய்யக் கோருவது ஒரே வரியில் முடிந்துவிடும். எந்த விதியை ரத்து செய்ய வேண்டும், எந்த விதியைத் தொடக்கூடாது என்று எண்ணிட்டுப் பிரித்துக் கேட்பதற்குக் கூடுதலாகச் சில வரிகள் தேவைப்படும்.